பெயர் நீங்கிய பாட்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டத்திற்குக் குறைந்த வாழ்நாள் அன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, கைதட்டி, தேநீர் அருந்திக் கலைந்த நிகழ்வுகளுக்கிடையே எத்தனையோ பாட்டுகள் பிறந்தன, சில நின்றன, பல மறைந்தன. நின்றவை ஏன் நின்றன, மறைந்தவை ஏன் மறைந்தன என்று கேட்டுப் பார்ப்பதற்கு நிறைவு விழா ஏற்ற பொழுது. அக்கேள்விக்கு விடை தேடுவோர் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. மதுரையின் பழங்கதைகளிலும், மதுரையை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்த புலவர் ஒருவரின் வாழ்விலும் அவ்விடை கிடக்கிறது.

தருமியின் ஓலை

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமியின் கதையை அறியாதார் மதுரையில் இலர். பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி. வறுமையால் வாடிய தருமிக்குச் சொக்கன் எழுதித் தந்த ஓலை. குற்றம் கண்ட நக்கீரர். இக்கதையைக் கூறுவோர் பெரும்பாலும் நக்கீரரின் அஞ்சாமையோடு முடித்துவிடுவர். ஆனால் கவிஞர்கள் கூடிய அவை சற்றே நின்று பார்க்க வேண்டியவன் தருமிதான்.

தருமியின் கையில் இருந்த பாட்டு உயர்ந்த பாட்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக அது இன்றும் வாழ்கிறது. எனினும் அவையில் ஒருவர் குறை கூறியவுடன் தருமியால் நிற்க முடியவில்லை. பாட்டு அவனுடையது அன்று. சொல் எங்கிருந்து வந்தது, பொருள் எவ்வாறு பிறந்தது என்பது அவனுக்குத் தெரியாது. பிறருடைய பாட்டைத் தன் பெயரால் கொணர்ந்தவனுக்குப் பரிசின் மேல் நம்பிக்கை இருந்தது; தன் மேல் நம்பிக்கை இல்லை. அழுதுகொண்டே கோயிலுக்குத் திரும்பினான்.

பிறர் ஓலையைச் சுமப்பது தருமியோடு முடிந்துவிட்ட செயல் அன்று. பிறர் நடையை, பிறர் துயரத்தை, பிறர் கண்ட நிலவைத் தம் பெயரால் எழுதும் ஒவ்வொருவரும் அவன் வழியினரே. அவ்வாறு எழுதிய பாட்டு நல்லதாகவும் இருக்கலாம், கைதட்டும் கிடைக்கலாம். ஒருவர் எழுந்து, 'இச்சொல் இங்கு ஏன்?' என்று வினவும் வரைதான் அதன் வாழ்வு.

கற்பிக்கப்பட்ட நக்கீரர்

நக்கீரரின் கதையும் குளத்தோடு முடிந்துவிடவில்லை. பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்த அவரைக் கரையேற்றிய படலத்தை அடுத்து, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம் என்று ஒன்று உண்டு. பிறர் பாட்டில் குற்றம் கண்ட பெரும்புலவர், அகத்தியரிடம் மாணவராய் அமர்ந்து இலக்கணம் கேட்கிறார். அவைக்கு அஞ்சாது தீர்ப்புக் கூறியவர் கற்கவும் நாணவில்லை. தன்னை நம்புதலும் பிறரிடம் கற்றலும் ஒன்றோடொன்று பகைப்பன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அடுத்து வருவது சங்கத்தார் கலகம் தீர்த்த படலம். யாருடைய பாட்டு உயர்ந்தது என்று புலவர்களுக்குள் பூசல். தீர்ப்புக் கூற வந்தவன் பேச இயலாத வணிகச் சிறுவன். அவனுக்குப் புலவர்களின் புகழும் தெரியாது, பட்டமும் தெரியாது. பாட்டைக் கேட்டு அவன் மெய் காட்டிய குறிப்பே தீர்ப்பாயிற்று. பெயரைக் கருதாது பாட்டை மட்டும் கேட்கும் செவி ஒன்று வேண்டும் என்னும் ஏக்கம் சங்கக் கதைகளிலேயே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

விளாச்சேரியில் பிறந்தவர்

அந்தச் செவியைத் தேடிச் சென்ற புலவர் ஒருவர் கதையில் அன்று, வரலாற்றிலேயே மதுரையை அடுத்து வாழ்ந்தார். திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கோவிந்த சிவனாரின் மகனாய்ப் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியாரே அவர். வடமொழியைத் தந்தையாரிடம் கற்றார். தமிழை மதுரையில் சபாபதி முதலியாரிடம் பாடங் கேட்டார். பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி சென்று, 1892ஆம் ஆண்டில் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றார்.

அக்கல்லூரியின் முதல்வர் மில்லர், டென்னிசனின் பாட்டொன்றில் படகு அன்னம் போலச் செல்லும் உவமையை வியந்து கூறினார் என்றும், மாணவராயிருந்த சாஸ்திரியார் எழுந்து, கம்பர் குகப்படலத்தில் அவ்வுவமையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆண்டிருப்பதை எடுத்துக் காட்டினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தம் மொழியைப் பற்றிய நம்பிக்கைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். இச்செய்தியில் மற்றொன்றும் உண்டு. டென்னிசனைக் கூர்ந்து கேட்ட செவியே கம்பரை நினைவுகூர்ந்தது. பிறர் செல்வத்தைப் பாராதவர்க்குத் தம் செல்வத்தின் அளவு தெரிவதில்லை.

தத்துவத்தில் பதக்கம் பெற்றவர்க்குத் தத்துவ ஆசிரியப் பணி எளிதில் கிட்டியிருக்கும். அவர் நாடியது தமிழாசிரியர் பணியை. ஆங்கிலம் கற்றோர் தமிழ் கற்பித்தலைத் தாழ்வாக எண்ணிய காலம் அது. 1893ஆம் ஆண்டில் அப்பணியை ஏற்ற அவர், கல்லூரி வகுப்போடு நில்லாது ஆர்வமுடைய மாணவர்க்கு இல்லத்திலும் பாடஞ் சொன்னார். அவர்களை 'இயற்றமிழ் மாணவர்' என்று அழைத்தார். வடமொழி நாடக நூல்களையும் ஆங்கில நாடகங்களையும் கற்று, தமிழுக்கு 'நாடகவியல்' என்னும் இலக்கணம் செய்தார். 'ரூபாவதி', 'கலாவதி' முதலிய நாடகங்களை இயற்றி, தாமே வேடமும் புனைந்தார். சி. வை. தாமோதரம் பிள்ளை அவருக்குத் 'திராவிட சாஸ்திரி' என்று பட்டம் அளித்தார். முப்பது வயதை எட்டுமுன் இத்துணைப் புகழ்.

புகழே தடையான இடம்

அப்புகழே அவருக்கு ஓர் ஐயத்தைத் தந்தது. இத்தாலியில் வளர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்த பதினான்கடிப் பா வகையைத் தமிழ் யாப்பில் எழுதிப் பார்த்தார். அவ்வாறு எழுதிய பாசுரங்கள் நூலாக வந்தபோது அதன் பெயர் 'தனிப்பாசுரத் தொகை'. தமிழில் முன்னம் பயிலாத புது முயற்சி. மாணவர் போற்றுவர், நண்பர் வாழ்த்துவர், பிடிக்காதோர் பெயரைக் கண்டே தள்ளுவர். போற்றுவோர் போற்றுவது பாட்டையா, பாடியவரையா? தூற்றுவோர் தூற்றுவது எதனை?

தம் பாட்டின் உண்மைத் தரத்தை அறிய விரும்பி அவர் தம் பெயரை நீக்கினார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மாலாயினான், சாஸ்திரி கலைஞராயிற்று. 'பரிதிமாற் கலைஞர்' என்னும் முன்பின் கேட்டறியாத ஒருவருடைய நூலாக அது வெளிவந்தது.

இச்செயலைத் தனித்தமிழ்ப் பெயர் மாற்றம் என்று மட்டுமே கருதுவோர் பலர். பிற்காலத்துத் தனித்தமிழ் அன்பர்க்கு அப்பெயர் வழிகாட்டியது உண்மையே. ஆயினும் அவர் தம் ஏனைய நூல்களைச் சூரியநாராயண சாஸ்திரி என்னும் பெயராலேயே வெளியிட்டார். புனைபெயர் இந்நூலுக்கு மட்டும் உரியதாயிற்று. அது தீர்ப்பை நாடி இட்ட திரை.

தருமி பிறருடைய பாட்டுக்குத் தன் பெயரை இட்டான். பரிதிமாற் கலைஞர் தம்முடைய பாட்டினின்று தம் பெயரை நீக்கினார். முன்னவனுக்குப் பரிசு வேண்டியிருந்தது. பின்னவருக்கு உண்மை வேண்டியிருந்தது. தன்னம்பிக்கைக்கும் செருக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. செருக்குடையவன் பெயரை முன்னே அனுப்பிவிட்டுப் பாட்டைப் பின்னே அனுப்புவான். தன்னை நம்புகிறவன் பாட்டைத் துணையின்றித் தனியே அனுப்ப அஞ்சான். அது அடிபட்டுத் திரும்பினாலும் மடியில் ஏந்தித் திருத்திக்கொள்வான்.

தன்னை அறிதல் என்பது தனியே அமர்ந்து தன்னையே நோக்கிக்கொண்டிருத்தல் அன்று. கண்ணுக்குத் தன் இமை தெரிவதில்லை. பாடுவோர்க்குத் தம் பாட்டின் தளர்ந்த இடம் எளிதில் தெரிவதில்லை. அதற்குப் பிறர் செவி வேண்டும். அச்செவிக்குப் பெயரின் ஓசை கேட்காதிருத்தலும் வேண்டும்.

நிலைத்தது எது?

அந்நூலின் பாசுரங்கள் சிலவற்றை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது சாஸ்திரியார் அதற்குத் துணை நின்றார். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த 'தமிழ் மொழியின் வரலாறு' என்னும் நூலில் தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று காரணங்காட்டி நிறுவினார். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் என்புருக்கி நோயால் மறைந்தார். அகவை 33. நடுவணரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது 2004ஆம் ஆண்டில். இடையே நூறாண்டுகள் கடந்திருந்தன.

ஒளிவு மறைவின்றிக் கூறின், தனிப்பாசுரத் தொகையை இன்று எடுத்துப் பயில்வோர் சிலரே. அவர் பாட்டினும் அவருடைய உரைநடைக் கருத்தே வலிமையோடு நின்றது. பெயரை மறைத்து அவர் கேட்ட கேள்விக்குக் காலம் தந்த விடை அது போலும். ஆனால் விடை எதுவாயினும் கேட்கத் துணிந்தார் என்பதே பெருமை. மறைந்துகொள்வதற்காக அவர் புனைந்த பெயரே அவர் பெயராய் நிலைத்துவிட்டது என்பது காலம் செய்த விளையாட்டு. விளாச்சேரியில் உள்ள நினைவில்லத்திற்குச் செல்வோர் பரிதிமாற் கலைஞரின் இல்லம் எது என்றே வினவுகின்றனர்.

அவ்வூருக்குச் செல்வோர் மற்றொன்றையும் காணலாம். விளாச்சேரி, மண் பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர். நவராத்திரிக் கொலுவுக்கு அங்கிருந்து பொம்மைகள் பல ஊர்களுக்கும் செல்கின்றன. வாங்க வருவோர் பொம்மையைக் கையில் எடுத்து, திருப்பி, விரலால் சுண்டிப் பார்ப்பர். செய்தவர் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கண் திறந்திருக்கிறதா, கை ஒடியாதா, வண்ணம் ஒட்டியிருக்கிறதா என்றே பார்ப்பர். மண்ணைப் பிசைந்தவர் எதிரில் அமர்ந்து அந்தச் சுண்டல் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம்

இலக்கிய வட்டங்களுக்கு அன்பே அடித்தளம்; அவ்வன்பே அவற்றின் ஆபத்தும் ஆகும். பத்தாண்டு பழகிய நண்பரின் பாட்டைக் கேட்கும்போது காதில் விழுவது பாட்டன்று, நட்பு. அவர் மகளின் திருமணமும், அவர் உற்ற நோயும், அவர் செய்த உதவியும் அடிகளுக்கு இடையே வந்து நின்றுகொள்கின்றன. 'நன்று' என்று கூறிவிடுவது எளிது. அந்த எளிமையால் இழப்பவர் பாட்டை எழுதியவரே. பத்தாண்டு கைதட்டுப் பெற்றும் தம் பாட்டின் உண்மைத் தரம் அறியாது ஒருவர் இல்லம் திரும்புவாராயின், அவ்வட்டம் அவருக்கு ஓலை தந்ததே யன்றி எழுத்துத் தரவில்லை.

ஆகவே, பதினோராம் ஆண்டில் கால் வைக்கும் இவ்வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. திங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டையேனும் பெயர் நீக்கிப் படிக்கச் செய்யுங்கள். எழுதியவர் அவையில் இருக்கட்டும். ஆனால் வாய் திறவாதிருக்கட்டும். அவர் அல்லாத ஒருவர் படிக்கட்டும். குறை கண்டோர் அடியைச் சுட்டிக் காரணம் கூறட்டும். நிறை கண்டோரும் அவ்வாறே அடியைச் சுட்டிக் காரணம் கூறட்டும். முடிவில் எழுதியவர் விரும்பினால் பெயர் கூறலாம். விரும்பாவிடின் தாளை மடித்துச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இட்டுக்கொண்டு செல்லலாம்.

குறுந்தொகையில் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று சில பெயர்கள் உள்ளன. அவர்களின் இயற்பெயர்கள் தொலைந்துபோயின. அவர்கள் பாட்டில் ஆண்ட தொடர்களே அவர்களுக்குப் பெயராயின. புலவர் பெயரால் பாட்டு வாழவில்லை. பாட்டின் ஒரு தொடரால் புலவர் வாழ்கின்றனர். இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர்க்கு, எழுதியவர் பெயர் மறந்துபோயினும் இக்கூட்டத்தில் கேட்ட ஓரடி நினைவில் நிற்குமாயின், இந்த வட்டம் கூடியதன் பயன் நிறைவுறும்.