பழைய றைபிளும் செய்தவர் பெயரும்



இங்கிலாந்திலே ஒருவருடைய உடலளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தனியாகச் செய்விக்கப்பட்ட வேட்டை றைபிள் ஒன்று, அவர் காலத்துக்குப் பின்னர் ஏலத்துக்கு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். குழலின்மீது புகழ்பெற்ற கம்மியர் ஒருவரின் பெயர் செதுக்கப்பட்டுள்ளது. விலையோ பெயரறியாத துவக்கொன்றின் விலையிலும் பன்மடங்கு. அந்தப் பெயருக்காக அவ்வளவு பணத்தைக் கொடுத்தல் தகுமா?

தகும் என்பதற்கு முதற் காரணம், றைபிளின் முக்கியமான பகுதிகள் கண்ணுக்குத் தெரியாமையே. உருக்கு எவ்வாறு பதப்படுத்தப்பட்டது, தோட்டா அறை எவ்வளவு நுட்பமாகக் கடையப்பட்டது, மரக்கட்டையினுள் இரும்பு எத்துணை இறுகப் பொருந்தியுள்ளது என்பவற்றைக் கடையில் நின்று கொண்டு அறிய முடியாது. காயம்பட்ட யானை திரும்பிப் பாயும்போது வெற்றுத் தோட்டா வெளியேறாமற் சிக்கிக் கொண்டால், இரண்டாம் முறை சுடுவதற்கு வேடன் இருக்கமாட்டான். அந்த ஒரு கணத்துக்கே பெயர் பிணையாக நிற்கின்றது.

நம் நாட்டு மலைகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இதனை நன்கறிந்தவர். அவர் தாமே திட்டமிட்ட பெரும் றைபிளொன்றை 1840 ஆம் ஆண்டிலே பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பவரைக் கொண்டு செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். அக்காலத்தில் எவரும் துணியாத அளவு மருந்தை அதிலிட்டுச் சுட்டார். குழல் வெடித்தால் முதலிற் போவது சுடுபவரின் முகம். கிப்ஸின் கைத்திறனில் நம்பிக்கை இல்லாதவர் அதனைத் தோளில் வைத்திருப்பாரா?

ஆயினும் பெயர் என்பது ஒரு மனிதனின் கை அன்று. றிக்பி என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1775 இல் டப்ளின் நகரில் தோன்றிய தொழிலகம் அது. சம்பாவத் பெண்புலியை 1907 இல் வீழ்த்திய ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டதும் றிக்பி றைபிளே. அதே பெயர் 1997 இல் விற்கப்பட்டுக் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. 2013 இல் மீண்டும் இலண்டனுக்கு வந்தது. ஆகவே, றிக்பி என்று குழலிற் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், எந்த ஆண்டில், எவ்வூரில், எவர் பொறுப்பிலே செய்யப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும்.

செய்தவர் சிறந்தவராயினும் வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர்? பழைய தோட்டாக்களின் தீமூட்டும் மருந்து எரிந்தபின் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்றே கழுவித் துடைக்காத குழலினுள் துரு ஏறி, புரிகளை அரித்துவிடும். ஈரலிப்பான நாடுகளில் இருந்து திரும்பிய துவக்குகளில் இத்தகைய சேதம் கூடுதலாக இருக்கக்கூடும். எந்தப் பெரிய பெயரும் துருவுக்கு மருந்தாகாது.

மற்றொன்று, பலரும் மறந்துவிடுவது. அந்த றைபிள் வேறொருவருக்காக அளந்து செய்யப்பட்டது. நெடிய கைகளையுடைய ஒருவருக்கு அமைந்த கட்டை, குறுகிய கைகளையுடையவரின் தோளுக்குப் பொருந்தாது. தையற்காரர் எவ்வளவு பெரியவரானாலும் பிறருடைய சட்டை பிறருடைய சட்டைதானே! கட்டையை வெட்டிக் குறுக்கினால் அளவு சரியாகலாம். ஆனால் முதற் கம்மியரின் வேலையில் ஒரு பகுதி அத்துடன் போய்விடும். தோட்டா அறையை இடையில் எவரேனும் பெரிதாக்கியிருந்தாலோ, குழலிலுள்ள பெயர் அந்த வேலைக்குச் சாட்சியாகாது.

இவ்விடத்தில் உதவுபவை சோதனை முத்திரைகள். இலண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் உள்ள சோதனைச் சாலைகளில் வழக்கத்திலும் மிகுந்த அழுத்தத்தைத் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகின்றனர். பேர்மிங்ஹாம் சாலை 1813 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அறை மாற்றப்பட்டிருந்தும் புதிய முத்திரை இல்லையென்றால், அத்தகைய துவக்கை நான் கையில் எடுக்கவும் தயங்குவேன்.

பழைய பெருந் தொழிலகங்கள் பல, தாம் செய்த ஒவ்வொரு துவக்கின் எண்ணையும் ஏட்டிலே பதிந்து வைத்துள்ளன. எவருக்கு, எந்நாளில், எந்த அளவில் விற்கப்பட்டது என்பன அதிற் காணப்படும். வாங்க விரும்புபவர் அந்த எண்ணைக் குறித்து எழுதிக் கேட்கலாம். ஏட்டிலுள்ள குழல் நீளமும் கையிலுள்ள குழல் நீளமும் ஒத்துள்ளனவா என்று அளந்து பார்த்த பின்னர் விலை பேசலாம்.