மாஞ்சா வேண்டாம், காத்தாடி வேண்டும்

(காட்டுப்பள்ளி மகளிர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "பிள்ளைங்க காத்தாடி விடவே கூடாதுன்னு தீர்மானம் போடுங்க"ன்னு சொன்னாங்க. அவங்க பயம் நியாயமான பயம். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டை பக்கம், அப்பா அம்மாவோடு வண்டியில் போன 3 வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா நூல் அறுத்தது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2017 ஜூலையிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்திருந்தது. சட்டம் இருந்தும் நூல் தெருவில் இருந்தது. அதனால் காவல் நம்ம வீட்டிலேயே ஆரம்பிக்கணும்.

ஆனா ஒண்ணு யோசிப்போம். அந்தக் குழந்தையைக் கொன்றது காத்தாடி இல்லை. அடுத்தவன் காத்தாடியை அறுக்கணும்னு கண்ணாடித்தூள் தடவிய நூல். 'டீல்' போடும் ஆசைதான் ஆபத்து. காத்தாடி செய்வது ஒரு படிப்பு.

இதை நாங்க கண்ணால் பார்த்தோம். நம்ம பிள்ளைங்க நாலு பேர் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் காத்தாடி செய்தாங்க. அதில் மூணு பேர் பொண்ணுங்க. "பொட்டப்புள்ளைக்கு காத்தாடி எதுக்கு?"ன்னு கேட்டவங்களும் உண்டு. நாங்க திண்ணையில் உட்கார்ந்து மூங்கில் சீவிக் கொடுத்தோம்.

60 செ.மீ. நீளத்தில் ஒரு குச்சி. 50 செ.மீ. நீளத்தில் இன்னொன்று. நெட்டுக்குச்சியின் மேல்முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளிக் குறுக்குக்குச்சியைக் கட்டினாங்க. மேலே மெல்லிய காகிதம். முதல் நாள் கடற்கரையில் விட்டப்போ பம்பரம் மாதிரி சுத்தி மணலில் குத்திச்சு. பிள்ளைங்க முகம் வாடிப்போச்சு.

அப்புறம்தான் வேலையே ஆரம்பிச்சது. நெட்டுக்குச்சியை விரலில் தாங்கிப் பார்த்தா ஒரு பக்கம் சாய்ந்தது. எடை குறைந்த பக்கத்தில் காகிதத் துண்டு ஒட்டினாங்க. மறுநாள் சுத்தல் குறைஞ்சது, ஆனா நிற்கலை. பழைய புடவைக் கிழிசலில் 3 மீட்டர் வால் கட்டினோம். ஆட்டம் அடங்கிச்சு. ஆனாலும் மேலே ஏறலை. கடைசியில் சூத்திரத்தில், அதாவது காத்தாடியின் வயிற்றில் கட்டும் நூலில், முடிச்சை விரற்கடை அளவு மேலே நகர்த்தினாங்க. காத்தாடி காற்றுக்குச் சரியான சாய்வில் நின்னு ஏற ஆரம்பிச்சது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை உடனே நோட்டில் எழுதுவது. பொறியியல் கல்லூரியில் சொல்லித்தருவதும் இந்தப் பழக்கத்தைத்தான். நம்ம குழுக் கணக்கையும் நாம இப்படித்தானே எழுதுறோம்?

காத்தாடியைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1848-ல் அமெரிக்கா, கனடா எல்லையில் நயாகரா ஆற்றின் மேல் தொங்குபாலம் கட்ட, முதல் நூலை அக்கரைக்குக் கொண்டுபோனது ஒரு சிறுவன் விட்ட காத்தாடி. அந்த நூலைப் பிடித்துக் கனமான கயிறு போனது. கயிற்றைப் பிடித்துக் கம்பி போனது. இலங்கையில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் பட்டப் போட்டி நடத்துறாங்க. விதவிதமான உருவங்களில் பெரிய பெரிய பட்டங்களைக் கட்டி ஏற்றுவாங்க. அங்கே பரிசு பட்டத்தை அறுத்தவருக்கு இல்லை, நல்லாக் கட்டினவருக்கு.

நம்ம ஊரைச் சுற்றித் துறைமுகம் இருக்கு. 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கு. அந்தக் கிரேன்களை நம்ம பிள்ளைங்க வேலிக்கு வெளியே நின்னுதான் பார்க்குறாங்க. உள்ளே போறப்போ தினக்கூலிக்கு மட்டும் போகணுமா? வரைபடம் கையில் பிடிச்சுப் போகணுமா? அந்த ஆசை சின்ன வயசிலேயே கையில் ஒட்டணும். அதுக்கு நாலு குச்சியும் ஒரு காகிதமும் போதும்.

அதனால் தடைத் தீர்மானத்துக்குப் பதிலா நாங்க கேட்பது இவைதான்:

* வீட்டில் மாஞ்சாவோ நைலான் நூலோ இருந்தா இன்றைக்கே துண்டு துண்டா வெட்டி அப்புறப்படுத்துங்க. முழுசாத் தெருவில் போடாதீங்க. சாதாரணப் பருத்தி நூல் மட்டும் போதும்.
* சாலை ஓரத்திலும் மொட்டைமாடியிலும் விட வேண்டாம். திறந்த மணல்வெளி போதும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.
* நம்ம பக்கம் அனல்மின் நிலையத்து உயர் அழுத்தக் கம்பிகள் நிறைய. அதன் பக்கமே போகக் கூடாது. ஈர நூலில் மின்சாரம் பாயும். சிக்கிய காத்தாடியை எடுக்கப் போகவே கூடாது. போனா போகட்டும், இன்னொன்று செய்யலாம்.
* மழை, இடி வந்தா உடனே இறக்கணும்.
* பொண்ணுங்களையும் சேர்த்துக்குங்க.

கடைசி நாள் நூல் உருளையைப் பிடிச்சிருந்த பொண்ணு எங்களைப் பார்த்து, "அத்தை, அடுத்தது வால் இல்லாம பறக்கிற மாதிரி செய்யலாமா?"ன்னு கேட்டா. அந்தக் கேள்வியை நாம தடை பண்ணிடக் கூடாது, சகோதரிகளே.