நடுவுல என்னத்தலே முழுங்கினே?



பிள்ளைகளுக்கு வாசிப்பை எப்படிக் கொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். அதை எனக்குக் காட்டியவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, என் அம்மா. பீடிக்கடைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக இருந்ததெல்லாம் கட்டைவிரல் ரேகைதான்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பீடி சுற்றுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மடியில் சொளவு. அதில் வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கைக்குத்தான் அங்கே வேலை, காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு வேலை கொடுக்க அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தெரு வாத்தியார் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்தபோதே வாரம் வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்தது. மணியம் படங்களோடு. அதை ஒவ்வொரு பாகமாகக் கேட்டு வாங்கி வந்தேன். நான் அப்போது ஆறாவது படிக்கிறேன்.

தெருவில் பையன்கள் கோலி விளையாடும் சத்தம் கேட்கும். எனக்கு இருப்புக் கொள்ளாது. அம்மாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே என்று இரண்டு மூன்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு மேலே போனேன். பீடி கட்டிய கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. குரல் மட்டும் வந்தது: "ஏலே, குதிரை இப்பத்தானே ஏரிக்கரையில நின்னுச்சு? அதுக்குள்ள எப்படிக் கடம்பூருக்கு வந்துச்சு? நடுவுல என்னத்தலே முழுங்கினே?"

திரும்பப் போய் வாசித்தேன். வேறு வழி? அப்படி வாசித்தபோதுதான் வீரநாராயண ஏரி எவ்வளவு பெரிசு என்று எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்திலும் பக்கம் தாண்டியதில்லை. தாண்டினால் யாரோ கேட்பார்கள் என்று இந்த வயதிலும் ஒரு பயம்.

இது என் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. முன்பு கண்ணூர்ப் பக்கம் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகையும் கதையும் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவர் சுற்றாமல் விட்டதை மற்றவர்கள் ஈடுகட்டினார்கள். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லேயே இதற்கென்று ஆள் வைத்தார்கள். அலெக்சாண்டர் டூமா நாவலைத் தொழிலாளர்கள் அவ்வளவு விரும்பிக் கேட்டதால்தான் ஒரு சுருட்டுக்கே 'மாண்டிகிறிஸ்டோ' என்று பெயர் வந்தது என்பார்கள். புகையிலைக்கும் கதைக்கும் என்ன சம்பந்தமோ, எனக்குத் தெரியாது. என் அம்மாவைக் கேட்டால் தூக்கம் வராமலிருக்கத்தான் என்பாள்.

ஐந்து பாகமும் முடிந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசி வரை அடித்துச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அஞ்சு பொஸ்தகம் எழுதின மனுஷனுக்கு அதைச் சொல்ல ஒரு பக்கம் கிடைக்கலியா?" நானும் அவளும் ஒரு வாரம் சண்டை போட்டோம். எனக்கு ஒரு ஆள் மேல் சந்தேகம், அவளுக்கு வேறொரு ஆள் மேல். படிக்காதவளோடு கதை பேசித் தோற்றுப்போன அந்த வாரத்தில்தான் நான் வாசகன் ஆனேன் என்று நினைக்கிறேன்.

இப்போது நாம் பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்? "கதையில் என்ன நீதி?" சோறு ஊட்டிவிட்டு, தின்ற பருக்கை எத்தனை என்று கேட்பது போல. அம்மா ஒருநாளும் என்னிடம் நீதி கேட்டதில்லை. "அப்புறம்?" என்றுதான் கேட்டாள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு வாசிப்பைக் கொடுக்கப் போய்த் தோற்றேன். புத்தகத் திருவிழாவில் பை பையாக வாங்கி வந்து அடுக்கினேன். படி, படி என்றேன். அவள் படிக்கவில்லை. உண்மையில் நானும் அந்த நாட்களில் படிக்கவில்லை, வாங்க மட்டும் செய்தேன். பிள்ளைக்கு அது தெரியாதா?

பிறகு 'பொன்னியின் செல்வன்' படம் வந்தது. 2023-ல் இரண்டாம் பாகம். அம்மாவையும் மகளையும் கூட்டிப் போனேன். முழுப் படமும் வாய் திறக்காமல் பார்த்த அம்மா, முடிந்து விளக்குப் போட்டதும் கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்: "மணிமேகலை எங்கே?" மகள், "அது யாரு ஆச்சி?" என்றாள். கடம்பூர் மாளிகைப் பெண். கதையில் உண்டு, படத்தில் இல்லை. "புஸ்தகத்துல வருவா. வாசி, சொல்லுதேன்" என்றாள் அம்மா.

அன்று ராத்திரி ஆரம்பித்தது. மகள் வாசிக்க, ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். விடுதிக்குப் போன பிறகும் மகள் போனில் வாசித்தாள். நான் பக்கத்து அறையில் சும்மா படுத்திருப்பேன். ஒருநாள் அம்மாவின் குரல் கேட்டது: "ஏ பிள்ளே, நடுவுல எதையோ விட்டுட்டே." சிரிப்பை அடக்க நான் தலையணையைக் கடிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதென்றால் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் கேட்கிற நேரத்தில் கையில் போன் வேண்டாம். அது இருந்தால் குதிரை கடம்பூருக்கு வந்தது உங்களுக்குத் தெரியாது.

புத்தகத்துக்குக் காசு எங்கே என்று யாரும் சொல்ல வேண்டாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் மாகாணத்தில் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக எவ்வளவோ பாடுபட்டார். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒன்று இருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. இந்த நூலகக் கட்டடத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். கட்டிய பணத்துக்குப் பொருளை வாங்காமல் போகிற ஊரா இது?

உறுப்பினர் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாவது அலமாரியில், நான்காம் பாகம் மட்டும் வெளியே போயிருக்கிறது. யாரிடம் இருக்கிறதோ, அவர் தயவுசெய்து இந்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.