எல்லை தாண்டும் காற்று
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தைச் சேர்ந்த நமக்கு 1956 மறக்க முடியாத ஆண்டு. கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் தமிழகம் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மண்ணில் கோடு போட்டார்கள்; காற்றில் போட யாராலும் முடியவில்லை. அந்தக் காற்றைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பூமி வெயிலை வாங்கி, வெப்பமாக வானுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதில் ஒரு பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் பிடித்து வைக்கின்றன. இந்தப் போர்வை இல்லையென்றால் பூமி உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் கிடக்கும். போர்வை நமக்கு வேண்டியதே. அது தடித்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. இது நேற்றுக் கிளம்பிய வதந்தியன்று. 1859-இல் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார்; 1896-இல் அர்ரீனியஸ் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு. 1958-இல் ஹவாய்த் தீவில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த கணக்கு இது.

சூரியனே காரணம் என்பாரும் உண்டு. அப்படியானால் மேல்வானமும் சூடேற வேண்டுமே! கீழ்க்காற்று சூடேற, மேலடுக்கு குளிர்கிறது. வெப்பம் போர்வைக்குள் சிக்கியதற்கு இதுவே சாட்சி.

ஒரு இழை சேலையாகாது என்பதைப் பாலராமபுரத்து நெசவாளி அறிவார். ஒரு நாள் மழை பருவநிலையாகாது. முப்பது ஆண்டுச் சராசரியே பருவநிலை. ஆகவே 2017 நவம்பர் இறுதியில் பொழியூர் முதல் தூத்தூர் வரை குடும்பங்களைக் கதறவைத்த ஒக்கிப் புயல் ஒன்றை மட்டும் காட்டித் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஆனால் அரபிக்கடல் சூடேறி வருவதும், சூடான கடல் புயலுக்குத் தீனி போடுவதும் அளந்தறிந்த உண்மைகள். காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். மழை கொட்டித் தீர்க்க அது வழி செய்கிறது.

சராசரி அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு, சராசரி இந்தியர் வெளியிடுவதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். எரித்தவன் எங்கோ இருக்கிறான். படகோடு போனவன் நம் ஊரான். ஒக்கியின்போது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஆகவே நாம் கேட்பது இரண்டு: ஆழ்கடல் படகு ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை எட்ட வேண்டும், எல்லைக் கரையில் அது மலையாளத்தோடு தமிழிலும் ஒலிக்க வேண்டும்.

பிழைக்க வந்த இடத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். இந்த அறிவையும் சேர்த்து அனுப்புவோம்.