கப்பலின் அடிநீரும் கைப்பம்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழர் கூடும் மேடைகளில் தமிழரின் கடலோட்டத்தைப் புகழ்வது நெடுநாள் வழக்கம். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்ற செய்தியைக் கேட்டுக் கைதட்டாத தமிழர் இல்லை. நாமும் தட்டியிருக்கிறோம். ஆயினும் அக்கப்பல்களின் அடியில் இரவும் பகலும் ஊறிய நீரை யார் இறைத்தனர், எதனால் இறைத்தனர் என்று எந்தப் பேச்சாளரும் சொல்லக் கேட்டதில்லை. மரக்கலம் எதுவாயினும் சிறிதளவேனும் நீர் ஊறும். அந்நீரை இறைக்காவிடில் மன்னனின் கொடியும் மூழ்கும். வணிகனின் மிளகும் மூழ்கும். ஆகவே இவ்வாண்டு அந்த இறைப்புக் கருவியைப் பற்றிப் பேசத் துணிந்தோம். பாய்மரப் படகிலுள்ள பழைய கைப்பம்பைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்னும் கேள்வியே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வாழும் ஈஜிபுராவாசிகளுக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நமக்குச் சற்றுத் தொலைவில் அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் பொறியாளர் படையின் தலைமையிடம் இருக்கிறது. அதன் வீரர்களைத் 'தம்பி' என்றே படையில் அழைப்பர். அப்படை எந்தப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்ததோ, அப்பிரிவின் அதிகாரிகளே 'திருஷ்ணா' என்னும் சிறிய பாய்மரப் படகில் 1985 செப்டம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்டு, உலகை வலம் வந்து, 1987 ஜனவரியில் மீண்டனர். அண்மையில், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் கடற்படைப் பாய்மரப் படகில் இரண்டு பெண் அதிகாரிகள் மட்டுமே புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29-இல் திரும்பினர். அவ்விருவருள் ஒருவரான ரூபா அழகிரிசாமி நம் புதுச்சேரிப் பெண்மணி. இருவரே உள்ள படகில் நீர் புகுந்தால் ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். மற்றவர் ஓட்டையைத் தேட வேண்டும். பம்பை அடிக்க மூன்றாம் ஆள் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கோரமங்கலப் பள்ளத்தாக்கின் மழைநீர் பெல்லந்தூர் ஏரியை நோக்கி ஓடும் வழியில் நம் தெருக்கள் அமைந்திருக்கின்றன. பெருமழை பெய்த இரவில் கட்டிலின் மேல் அரிசி மூட்டையை ஏற்றிவைத்து, வாளியால் நீரை வாசலுக்கு அப்பால் வீசிய தாய்மார்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உள்ளே வரும் நீர் அதிகமா, வெளியே இறைக்கும் நீர் அதிகமா என்னும் கணக்கை அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலில் அடிநீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பலகையோடு பலகை சேரும் இடுக்குகளில் பஞ்சும் கயிற்றுநாரும் திணித்து, மேலே பிசின் பூசி அடைப்பதைக் 'கலப்பத்து' என்பர். தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சரை 'ஓடாவி' என்றும், தோணியைச் செலுத்தும் தலைவனைத் 'தண்டல்' என்றும் வழங்குவர். ஓடாவி எவ்வளவு கைதேர்ந்தவராயினும், கரையில் வெயிலில் காய்ந்த பலகை சுருங்கும். மீண்டும் நீரில் இறங்கி ஊறிப் பருக்கும் வரையில் கசியும். கடலில் அலை முறுக்க முறுக்க இடுக்குகள் திறந்து மூடும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடி நீளமுள்ள 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தமிழ் மாலுமிகள் அதனை அட்லாண்டிக் கடல் கடந்து கொண்டு சென்றனர். அத்தகைய மரக்கலம் எதுவும் அடிநீரை நாள்தோறும் அளந்து பார்க்காமல், இறைக்காமல் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. இக்காலத்துக் கண்ணாடியிழைப் படகிலும் கசிவு முற்றிலும் நீங்கிவிடவில்லை. சுழலித்தண்டு வெளியேறும் இடம், கழிவுநீர்க் குழாய் பொருந்தும் இடம், சுக்கானின் தண்டு ஆகிய இடங்களெல்லாம் கடலுக்குத் திறந்த வாயில்களே.

இனி, பம்பு வேலை செய்யாமற்போனால் நேர்வது என்ன? இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1770 ஜூன் 11-ஆம் நாள் இரவு, கேப்டன் குக் என்பாரின் 'எண்டெவர்' கப்பல் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில் பவளப்பாறை மீது ஏறிற்று. பீரங்கிகளையும் பிற சுமைகளையும் சேர்த்து நாற்பது ஐம்பது டன் எடையைக் கடலில் எறிந்தனர். கப்பலில் இருந்த பம்புகள் நான்கு. நீர் பெருகப் பெருக மூன்று பம்புகளை இயக்கினர். நான்காவதையும் இயக்க முயன்றனர். அது இயங்கவில்லை. மூன்றைக் கொண்டே கேப்டன் முதலாகக் கடைசிக் கப்பலோட்டி வரை முறை மாற்றி அடித்தனர்; அறிவியலார் பாங்க்ஸ் போன்ற விருந்தாளிகளும் அதற்கு விலக்கல்லர்.

அந்த இரவில் நடந்த மற்றொரு செய்தி இதனினும் சுவையானது. கப்பலின் அடியில் எவ்வளவு நீர் என்று கோல்விட்டு அளந்துவந்த ஆள் மாறினான். புதியவன் வேறோர் இடத்தை அடியாகக் கொண்டு அளந்தான். பதினாறு பதினெட்டு அங்குலம் நீர் திடீரெனக் கூடிவிட்டதாக எல்லாரும் நம்பிக் கலங்கினர். தவறு அளவில்தான் என்று தெரிந்தவுடன் சோர்ந்திருந்த மாலுமிகள் இருமடங்கு ஊக்கத்தோடு பம்படித்தனர் என்று குக் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு பாயில் கம்பளியும் நாரும் தைத்துக் கப்பலின் அடியில் ஓட்டையின் மேல் இழுத்து ஒட்டவைத்தனர். நீர் தணிந்தது. ஓர் ஆற்று முகத்தில் கப்பலைச் சாய்த்துப் பார்த்தபோது, ஓட்டைக்குள் பவளப்பாறையின் துண்டொன்று முறிந்து சிக்கி, அதனை ஓரளவு அடைத்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜாவாவின் பட்டாவியாவை அடைந்து கப்பலைச் சோதித்தபோது, பம்புகளில் ஒன்று பயனற்றது என்றும், மற்றவையும் உளுத்துப்போயின என்றும் தச்சர் எழுதிக் கொடுத்தார். துளையிட்ட மரத்தண்டே அக்காலத்துப் பம்பு. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல மரம், உள்ளே உளுத்தது.

இக்காலத்துப் பாய்மரப் படகின் கைப்பம்பு பெரும்பாலும் சவ்வுப் பம்பு. பாஸ்டன் நகரத்து ஜேக்கப் எட்சன் 1859-இல் ஆக்கிய அமைப்பின் வழிவந்தது. நம் தெருமுனை அடிகுழாயில் தோல் வாசர் ஏறி இறங்கி நீரைத் தூக்கும். இதில் உருளை இல்லை. கிண்ணம் போன்ற உடலின் வாயில் தடித்த ரப்பர் சவ்வைப் பொருத்தியிருப்பர். கைப்பிடியை இழுத்தால் சவ்வு மேலெழும். உள்ளே வெற்றிடம் பிறக்கும். கீழ்க்குழாய் வழியே நீர் ஏறும். கைப்பிடியைத் தள்ளினால் நீர் மறுபக்கம் வெளியேறும். நீர் திரும்பாதபடி காக்க இரண்டு ரப்பர் வால்வுகள். சிறு குப்பை வந்தாலும் பெரும்பாலும் விழுங்கிக் கடத்திவிடும் என்பது இதன் சிறப்பு. பெரும்பாலும் என்று சொன்னோம். நெடும்பயணம் செல்வோர் உணவு டின்களின் காகித ஒட்டுகளை முன்னரே கிழித்து எறிந்துவிடுவர். படகுக்குள் நீர் புகுந்தால் அக்காகிதம் ஊறிக் கழன்று, நேரே பம்பின் வாயைத் தேடி வரும்.

பழுதை அறியக் கையே போதும். கைப்பிடி எளிதாக ஆடி, நீர் வராவிட்டால் உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது; அன்றேல் சவ்வு கிழிந்திருக்கிறது. இழுக்கும்போது கனத்தால் வாயில் அடைப்பு. தள்ளும்போது கனத்தால் வெளிக்குழாயில் அடைப்பு. இறைத்த நீர் மீண்டும் உள்ளே வந்தால் வால்வு சரியாக அமரவில்லை. அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது குழாய் இணைப்புகளைத்தான். மலிவான நெளிவுக் குழாய் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். உள்ளே வழவழப்பும், சுவரில் கம்பிச்சுருளும் உள்ள குழாயே தக்கது. இத்தனையும் பார்த்தபின் பம்பைத் திறக்கலாம். சவ்வும் வால்வுகளும் ரப்பராதலால் அவற்றுக்கு ஆயுள் உண்டு. கிழியும்வரை காத்திராமல் மாற்றிவிடுவதே முறை. கழற்றியவற்றில் நல்லவை இருந்தால் உதிரியாக வைத்துக்கொள்க.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்னும் கேள்விக்கு இனி வருவோம். பம்பின் உடல் நன்றாக இருந்து, உதிரிப்பாகம் கிடைக்குமானால் பழுது பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அலுமினிய உடலில் எஃகுத் திருகுகள் இருந்து, உப்புநீர் பட்டு அலுமினியம் அரிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். திருப்பினால் திருகோடு உலோகமும் பெயரும். அத்தகைய பம்பைச் சிக்கனத்தின் பேரால் வைத்திருப்பதை நாம் ஒப்பமாட்டோம். பழம்பொருள் மீது பற்று வைப்பது நல்ல குணந்தான். வீட்டில் இருக்கும் அம்மியின் மீது வைக்கலாம்.

மாற்றுவோர் பலரும் பழைய பம்பு இருந்த இடத்திலேயே புதியதையும் பொருத்திவிடுகின்றனர். நம் கருத்தில் இதுவே பெரிய பிழை. பழையது எங்கோ அறைக்குள் மூலையில் இருந்திருக்கும். புயலில் வாயில்களையெல்லாம் அடைத்துவிட்டு, சுக்கானைப் பிடித்தவண்ணம் ஒருவரே அடிக்கக்கூடிய இடத்தில் அது இருக்க வேண்டும். தாரிணியில் இருவர் சென்றதை மனத்தில் வைக்கச் சொன்னோமே, அது இதற்குத்தான். உலகப் பாய்மர விதிகள், திறந்த கடலில் செல்லும் போட்டிப் படகுகளுக்கு மேல்தளத்திலிருந்து இயக்கும் ஒன்றும், உள்ளிருந்து இயக்கும் ஒன்றுமாக இரண்டு பம்புகளைக் கேட்கின்றன. கைப்பிடி கடலில் விழுந்து மறையாதபடி கயிற்றால் கட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கைப்பிடியின் முழு ஆட்டத்துக்கும் இடம் விட வேண்டும். மரத்திருகு போதாது, பின்புறம் பலகை வைத்து, போல்ட் ஊடுருவ இறுக்க வேண்டும். அச்சத்தில் அடிப்பவரின் பலம் அளவறியாதது. படகில் உள்ளவருள் மிக மெலிந்தவரை அழைத்து, பத்து நிமிடம் அடிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே துளையிட வேண்டும்.

ஒரு கணக்கைச் சொல்கிறோம். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாயொன்று முறிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 240 லிட்டர் கடல்நீர் உள்ளே வரும். நம் தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் லாரியை 25 நிமிடத்தில் நிரப்பும் வேகம் அது. நல்ல கைப்பம்பால் நிமிடத்துக்கு 40 முதல் 60 லிட்டர் இறைக்கலாம். அதுவும் களைக்கும் வரையில். ஆகவே ஓட்டையோடு போட்டியிட்டு வெல்லப் பம்பால் இயலாது. ஆனால் அந்த ஓட்டைக்குள் ஒரு துணியைத் திணித்தோ, மெல்மர ஆப்பை அடித்தோ குறுக்களவைப் பாதியாக்கினால், வரும் நீர் நான்கில் ஒன்றாகி 60 லிட்டராகிறது. அப்போது கைப்பம்பு ஏறக்குறைய ஈடு கொடுக்கும். எண்டெவரைக் காத்ததும் இக்கணக்கே: பம்பு நேரத்தைக் கொடுத்தது, பாயும் பவளத்துண்டும் ஓட்டையைச் சுருக்கின. இதனாலேயே ஒவ்வொரு குழாய்வாய்க்கும் அருகில், அதற்கேற்ற மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவர்.

மின்பம்பு இருக்கையில் கைப்பம்பு எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்கக்கூடும். மின்பம்பு வேண்டியதே. ஆயினும் தானே ஓடும் மின்பம்பு, கசிவை உரியவருக்குத் தெரியாமல் மறைத்துவிடும். சிறு கசிவு பெருங்கசிவாகும் வரையில் அது ஓசையின்றி உழைத்து, பேட்டரி தீர்ந்த இரவில் நின்றுவிடும். நீர் பேட்டரியை எட்டிவிட்டாலும் முடிந்தது. கையால் அடிப்பவர், நேற்று இருபது அடி, இன்று முப்பது அடி என்று எண்ணுவார். அந்த எண்ணிக்கையே கசிவின் வளர்ச்சியை முதலில் சொல்லும்.

புதிய பம்பாயினும் பழுது பார்த்ததாயினும், சோதனை ஒன்றே. படகின் அடியில் சில வாளி நன்னீரை ஊற்றி, எத்தனை அடியில் வற்றுகிறது என்று எண்ணிக் கரிக்கோலால் பம்பின் அருகில் எழுதி வைக்கவேண்டும். அடுத்த மாதம் மீண்டும் ஊற்றி எண்ண வேண்டும். எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றே திறந்து பார்க்க வேண்டும். மேலே சொன்ன விதிகள் பம்புகளோடு நின்றுவிடவில்லை. குறைந்தது 9 லிட்டர் கொள்ளும் உறுதியான வாளிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் கயிறு கட்டி, படகில் இருக்க வேண்டும் என்றும் அவை கேட்கின்றன. கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வாளி ஆகாது. நீர் நிறைந்தவுடன் அதன் கைப்பிடி கழன்றுவிடும். இது நம் தாய்மார்கள் அறியாததன்று.