வெண்ணிற ஆடையும் விலைபோன வாக்கும்

(எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்குள்ளவர்களில் பலர் தேர்தல் காலத்தில் ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாக இரவெல்லாம் அலைந்தவர்கள். ஒருவர் ஏணியைப் பிடிக்க, ஒருவர் விளக்குக் காட்ட, ஒருவர் சின்னம் வரைவார். இந்தக் காட்சிக்கு வயது ஈராயிரம் ஆண்டுகள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயியை அகழ்ந்தபோது, சுவர்களில் ஆயிரக்கணக்கான தேர்தல் விளம்பரங்கள் வெளிப்பட்டன. வெள்ளையடித்த சுவரில் சிவப்பிலும் கருப்பிலும் எழுதியவை அவை. ஏமிலியுஸ் கெலெர் என்ற சுவரெழுத்தர், நிலவொளியில் தனியாளாக எழுதியதாகத் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். இன்னொரு சுவரில், விளக்குப் பிடிப்பவனிடம் ஏணியைப் பிடிக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. ரொட்டி சுடுவோர், பழ வணிகர், கோவேறு கழுதை ஓட்டுவோர் ஆகியோர் தத்தம் குழுவின் பெயரால் ஆதரவு கேட்டனர். வாக்குரிமையே இல்லாத பெண்களும் கேட்டனர்.

ஆனால் யாருக்காகக் கேட்டனர்? பதவிக்கு ஊதியம் கிடையாது; செல்வமுடையவரே போட்டியிட முடியும். எழுதிய கை உழைப்பாளியுடையது. எழுதப்பட்ட பெயர் செல்வருடையது.

இனி ரோமுக்கு வருவோம். அங்கே வேட்பாளர் சுண்ணம் தேய்த்து வெளுப்பாக்கிய மேலாடை அணிந்து சந்தைவெளியில் வலம் வருவார். ‘கேண்டிடேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமே ‘வெண்ணிறம் பூண்டவர்’ என்பதுதான். நம்மூர் வெள்ளை வேட்டி சட்டை உங்கள் நினைவுக்கு வரலாம். எதிர்ப்படுவோர் பெயரைக் காதில் ஓத உடன் ஓர் அடிமை வருவான். கி.மு. 64இல் சிசரோ கான்சல் பதவிக்குப் போட்டியிட்டபோது அவருடைய தம்பி குவிண்டஸ் எழுதியதாகக் கூறப்படும் ஒரு கையேடு உண்டு. யார் எதைக் கேட்டாலும் மறுக்காதே என்பது அதன் அறிவுரைகளுள் ஒன்று. வாக்குறுதி பொய்த்தால் பின்னால் சிலர் கோபிப்பர். மறுத்தாலோ உடனே பலர் கோபிப்பர் என்பது அதன் கணக்கு.

வாக்களிக்கும் முறையைக் கவனியுங்கள். கான்சலைத் தேர்ந்தெடுக்கும் பேரவையில் வாக்குகள் தலைக்கணக்கில் எண்ணப்படவில்லை, குழுக்கணக்கில் எண்ணப்பட்டன. மரபாகச் சொல்லப்படும் அமைப்பில் மொத்தம் 193 குழுக்கள். குதிரைப்படைக்குரிய 18 குழுக்களும் முதல் வகுப்புச் செல்வர்களின் 80 குழுக்களும் சேர்ந்தால் 98, அதுவே பெரும்பான்மை. சொத்தில்லாத பெருந்திரள் முழுவதற்கும் ஒரே ஒரு குழு, அதுவும் கடைசியில். பெரும்பான்மை கிடைத்ததும் வாக்கெடுப்பு நின்றுவிடும். அவர்களுடைய முறை பெரும்பாலும் வந்ததே இல்லை.

அந்தக் கடைசிக் குழுவினருக்குப் பெயர் ‘புரோலித்தாரி’. பிள்ளைகளைத் தவிர அரசுக்குக் கொடுக்க எதுவும் இல்லாதவர்கள் என்று பொருள். நாம் மொழிபெயர்க்கும் ‘புரோலிட்டேரியட்’ இதிலிருந்து வந்ததுதான். தமிழில் அதற்குப் ‘பாட்டாளி’ என்கிறோம். பாடுபடுபவர் பாட்டாளி. லத்தீன் அவரை அவரிடம் இல்லாததைக் கொண்டு அழைத்தது. தமிழ் அவர் செய்வதைக் கொண்டு அழைக்கிறது. மொழிபெயர்ப்புப் பணியில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த சொல் இது.

ரோமானிய ஏழைகள் போராடாமல் இல்லை. கி.மு. 139இல் தேர்தல்களுக்கு இரகசிய வாக்கெடுப்பு சட்டமானது. அதன் பிறகு மிரட்டலைவிடப் பணத்துக்கே வேலை அதிகமாயிற்று. கையூட்டுக்கு எதிராகச் சட்டத்தின் மேல் சட்டம் வந்தது, கி.மு. 63இல் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனையும் வந்தது. பயன் என்ன? கி.மு. 54 தேர்தலில் வாக்கு வாங்கக் கடன் கேட்டு அலைந்தவர்களால் ரோமின் வட்டி விகிதம் இருமடங்கானது. போட்ட முதலை மாகாணங்களைச் சூறையாடி எடுத்தார்கள். கடைசியில், கி.பி. 14இல் திபேரியுஸ் காலத்தில் தேர்தல் மக்களிடமிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. பெரிய கிளர்ச்சி எதுவும் எழவில்லை. விற்பனைப் பண்டமாகிவிட்ட உரிமையைக் காக்க யார் வீதிக்கு வருவார்?

தோழர்களே, இது பழங்கதையன்று. பணப் பட்டுவாடாவினால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. பணம் வாங்கிய ஏழையைப் பழிப்பது எளிது. கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே நம் வேலை. 2018இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் அந்தக் கேள்விக்கே திரைபோட்டது. இடதுசாரிக் கட்சிகள் அதன்வழிப் பணம் பெற மறுத்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது.

இனி நாம் நிற்கும் இந்த மண். இந்தத் தொழிற்பேட்டையை நிருவகிப்பது 2013இல் அமைந்த தொழில் நகரிய ஆணையம். அது மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் அன்று, நியமிக்கப்படும் அமைப்பு. 74ஆவது அரசமைப்புத் திருத்தம் தொழில் நகரியங்களுக்கு வைத்துள்ள விதிவிலக்கு இதற்கு வழிவிடுகிறது. அருகிலுள்ள பெங்களூரு மாநகராட்சியில், 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஐந்தாண்டுகள் அதிகாரிகளே ஆண்டார்கள். திபேரியுஸ் செய்ததை இங்கே ஓசையில்லாமல் செய்துவிட்டார்கள்.

கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவரும், வாயிலில் காவல் நிற்பவரும், உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுபவரும் இங்கே வாழ்கிறார்கள். ஆனால் நம்மில் பலரது பெயர் இன்னும் ஒசூருக்கு அப்பாலுள்ள ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. ரோமானியக் குடிமகன் எங்கு வாழ்ந்தாலும் ரோமுக்கு வந்தே வாக்களிக்க வேண்டும். வழிச்செலவுக்கு வசதியுள்ளவர் வந்தார், மற்றவர் வேட்பாளர் அழைத்தால் வந்தார். வேட்பாளர் அனுப்பும் வண்டியில் ஊருக்குப் போகும்போது நாமும் அந்நிலையில்தான் இருக்கிறோம்.

எனவே இரண்டு வேலைகள். இங்கேயே நிலையாகக் குடியிருப்போர் படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கு மாற்றச் செய்வோம். தண்ணீர், கழிவுநீர், தெருவிளக்கு பற்றி முடிவெடுக்கும் மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கன்னடத் தோழர்களோடு சேர்ந்து, இரு மொழிகளிலும் எழுப்புவோம்.

ஏணியை எடுங்கள், தோழர்களே. இந்த முறை சுவரில் எழுதப்போவது நம்முடைய கோரிக்கை.