எம்.பி.யிடம் எதைக் கேட்பது?



மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள வெல்லாவெளியிலிருந்து பாராளுமன்றம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து இரவு பஸ் பிடித்தால் விடியற்காலை கொழும்பு. அங்கிருந்து கோட்டேக்கு இன்னொரு பஸ். தியவன்னா ஏரிக்கு நடுவே, ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வாசலில் போய் நின்று, "எங்கட எம்.பி.யைப் பார்க்க வேணும்" என்று கேட்கப் படுவான்கரையிலிருந்து யார் போகிறார்கள்? அவர்தான் இங்கே வருகிறார். கோயில் திருவிழாவுக்கு வருகிறார், விளையாட்டுப் போட்டிக்கு வருகிறார், செத்த வீட்டுக்கும் வருகிறார். வந்த இடத்தில் வாகனத்தைச் சூழ்ந்துகொண்டு கையில் கடிதத்தைத் திணிக்கிறோம். "மனே, இதையொருக்காப் பாரு மனே" என்று ஒரு கிழவி சொன்னால் எந்த எம்.பி.யும் நின்றுதான் ஆக வேண்டும். அந்த உரிமை இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது, நல்லது.

ஆனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மகளுக்கு ஆசிரியர் இடமாற்றம், மகனுக்கு வேலை, வாய்க்காலுக்கு மதகு, சந்திக்கு ஒரு மின்விளக்கு. மதகும் விளக்கும் அநேகமாகப் பிரதேச சபையின் வேலை. ஆசிரியர் இடமாற்றத்துக்குக் கல்வி வலயமும் மாகாணக் கல்வித் திணைக்களமும் இருக்கின்றன. பாராளுமன்ற உறுப்பினர் செய்யக்கூடியது இவற்றுக்கெல்லாம் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுப்பது. அதற்கு அவரது கடிதத் தலைப்புத் தாள் போதும், அவர் தேவையில்லை.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தபோது, தொகுதி வேலைகளுக்கான பணம் எம்.பி.யின் சொல்லைக் கேட்டு ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து எம்.பி. என்றால் வீதி போடுகிறவர், கட்டடம் தருகிறவர் என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் அவரைக் கண்டுபிடிப்பதாவது சுலபம். பட்டிருப்பு ஒரு தொகுதி, அதற்கு ஒரே உறுப்பினர். 1960களில் எஸ். எம். இராசமாணிக்கம் இருந்தார். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வெல்லாவெளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். 1989 தேர்தலோடு விகிதாசார முறை வந்தது. இன்று மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் ஐந்து ஆசனங்கள். ஐந்து பேரும் நமக்குரியவர்கள் என்று கணக்குச் சொல்லலாம். ஐந்து பேரும் மற்றவரைக் கைகாட்டலாம் என்பதும் அதே கணக்குத்தான்.

இடையில் இன்னொரு கதவு இருந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் வந்த மாகாண சபை. கிழக்கு மாகாண சபைக்கு 37 உறுப்பினர்கள், அதில் 11 பேர் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு. சபை இருந்தது திருகோணமலையில். காலையில் போய் மனுவைக் கொடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, மாகாண வீதி என்று ஊர்ப் பிரச்சினைகளில் பாதி அங்கேதான் தீர வேண்டியவை. 2012இல் தெரிவான அந்தச் சபையின் காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றியது. புதிய தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்த வேடிக்கையும் நடந்தது. பழைய முறை போய்விட்டது, புதிய முறை பிறக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் மாகாணத்தை நடத்தினார்கள். அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்தான், ஆனால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

இந்த முடிச்சைப் போட்டது பாராளுமன்றம். அவிழ்க்கக்கூடியதும் அதுதான். அதற்காகத் தனிநபர் சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டதும் உண்டு. அப்படியிருக்க, நம்முடைய மகஜர்களில் எத்தனை மாகாண சபைத் தேர்தலைக் கேட்டிருக்கின்றன? தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

யானை விடயத்துக்கு வருவோம். வெல்லாவெளி அடங்கும் போரதீவுப்பற்றுப் பிரதேசப் பிரிவில் இதைப் பேசாமல் எந்த மகஜரும் முடியாது. வேளாண்மை பழுக்கும் காலத்தில் இரவில் காவலுக்குப் போகிறவன் காலையில் வருவானா என்று வீட்டில் விழித்திருக்கிறார்கள். வாழையும் தென்னையும் ஒரே இரவில் போகின்றன, நெல் வைத்த வீட்டின் சுவரும் போகிறது. நாடு முழுவதும் பார்த்தால் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்ட யானைகள் இறந்திருக்கின்றன, யானையால் 100க்கு மேற்பட்ட மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். நாம் எம்.பி.யிடம் கேட்பது யானை வெடி, இன்னும் கொஞ்சம் யானை வெடி, ஒரு மின்வேலி. அவர் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுப்பார். திணைக்களத்தார் வந்து யானையைக் கலைப்பார்கள். அடுத்த கிழமை அதே யானை அதே வழியால் வரும்.

கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதிக் குழு 2020 முடிவில் ஒரு தேசிய செயற்றிட்டத்தைக் கையளித்தது. அதன் சாரம் எளியது. காட்டின் எல்லையில் வேலி போட்டால் வேலியின் இரண்டு பக்கமும் யானை நிற்கும். ஆகவே காட்டை அடைக்காமல் ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுங்கள். ஊர் வேலி நிரந்தரமாக இருக்கட்டும், வயல் வேலியை விதைக்கும்போது போட்டு வெட்டு முடியக் கழற்றுங்கள், பராமரிப்பில் ஊராருக்கும் கமக்காரர் அமைப்புக்கும் பங்கு கொடுங்கள். இந்தத் திட்டத்தின்படி போரதீவுப்பற்றில் எத்தனை கிலோமீற்றர் வேலி போடப்பட்டது, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? பாராளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான வினாவாக எம்.பி. இதைக் கேட்டால், அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறும். ஏறிய பிறகு பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் எந்த அதிகாரியும் "அப்படியொன்று எனக்குத் தெரியாது" என்று கையை விரிக்க முடியாது.

தனிப்பட்ட ஒருவருக்கு அரச அலுவலகத்தால் அநீதி நடந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பொதுமனு எழுதி ஓர் உறுப்பினர் ஊடாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கலாம். பொதுமனுக்கள் பற்றிய குழு மனுதாரரையும் அழைக்கும், திணைக்களத்து அதிகாரிகளையும் அழைக்கும். ஓய்வூதியம் நின்றுபோன ஒரு மனிதர் அந்தத் தியவன்னாக் கட்டடத்துக்குள் தன்னுடைய அதிகாரிக்கு எதிரே கதிரையில் இருந்து பேசலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தமிழை அரசகரும மொழியாக்கியதும் அதே 13ஆவது திருத்தம்தான்.

வெளிநாடுகளில் கோரிக்கையோடு போவதை ஒரு தொழிலாகவே பழகியிருக்கிறார்கள். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் சட்டசபை கூடும் காலத்தில் தாதிமார், விவசாயிகள், மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் எல்லாரும் நாள் குறித்துக்கொண்டு போய், தத்தம் உறுப்பினரின் அறையில் சில நிமிடங்கள் இருந்து, இன்ன சட்டமூலத்துக்கு இப்படி வாக்களியுங்கள் என்று கேட்கிறார்கள். பிரித்தானிய எம்.பி.மார் தொகுதியில் நாள் ஒதுக்கி மக்களைச் சந்திக்கிறார்கள். தமிழ்நாட்டில் திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அமெரிக்கக் கூட்டத்தில் பணக்காரக் கம்பனிகளின் ஆட்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எந்த வாக்கெடுப்பு எந்தத் திகதியில் என்று தெரிந்து போகிறார்களே, அது நமக்கு வேண்டும்.

நமக்குத் தோதான காலம் எது? வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வருகிறது. பிறகு அமைச்சு அமைச்சாகக் குழுநிலை விவாதம், டிசம்பர் வரை. படுவான்கரையில் மாரி வேளாண்மைக் காலமும் அதுதான். யானைக்குப் பொறுப்பான அமைச்சின் விவாதத்தில் வெல்லாவெளியின் பெயர் வர வேண்டுமானால், கடிதம் ஒக்டோபருக்கு முன் எம்.பி.யின் கையில் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கும் கொடுங்கள். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள்.

கடிதத்துக்கு முன் இன்னொரு வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடந்த ஆண்டுகளில் நம் பிரிவில் யானையால் நேர்ந்த மரணங்கள், கொடுத்த நட்டஈடு, போட்ட வேலி எல்லாவற்றையும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கொப்பி எழுதும் ஒரு பிள்ளை போதும் இதற்கு. அந்தப் பதிலை மகஜரோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, வினா எந்த நாளுக்கு ஒழுங்குப்பத்திரத்தில் வருகிறது என்று எம்.பி.யின் செயலாளரிடம் கேட்டு வையுங்கள்.